ஆறுமணிக்குருவிக்கு எங்கள் வளவில் இடம் இருக்கிறதா?

தாவடியான் (12 ஒக்டோபர்)

வணக்கம் உறவுகளே. ஆறுமணிக்குருவிகள் வரத் தொடங்கிவிட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் தாவடி, கொக்குவில் பக்கம் விடியற்காலையிலும் மைம்மல் பொழுதிலும் சத்தம் கேட்கிறது. வழக்கமாக இந்த நேரத்தில் ஆளுக்கொரு படம் போட்டு, நிறத்தைப் புகழ்ந்து எழுதிவிட்டுப் போய்விடுவோம். இந்த முறை அதற்கு மேலேயும் பேச விரும்புகிறேன். இந்தக் குருவி இறங்கி இரை எடுக்கிற நிலம் எங்கள் ஊர்களில் சுருங்கிக்கொண்டு வருகிறது. அதைச் சுருக்குகிறவர்கள் நாங்கள்தான்.

பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். மைனாவை விடச் சின்னது. 19 சென்ரிமீற்றர் நீளம், ஐம்பது அறுபது கிராம் எடை. வால் மிகவும் கட்டை. முதுகு பச்சை, தொண்டை வெள்ளை, நெஞ்சு மங்கிய மஞ்சள், கண்ணுக்குக் குறுக்கே தடித்த கறுப்புப் பட்டை, சிறகில் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு, வாலடியில் சிவப்பு. தமிழ்நாட்டில் தோட்டக்கள்ளன், பொன்னுத்தொட்டான் என்றெல்லாம் பெயர் உண்டு. இவ்வளவு நிறம் இருந்தும் சருகுக்குள் அசையாமல் நின்றால் கண்ணில் படாது. சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். ஆள் விசிலடிப்பது போல இரண்டு சுரம்.

இது காட்டுப் பறவை. மரத்தில் ஏறிப் படுக்கும், ஆனால் பகல் முழுக்கத் தரையில்தான் சீவியம். தத்தித் தத்திப் போய், சொண்டால் சருகைப் புரட்டி எறிந்து, நாக்கிளிப்புழு, கறையான், வண்டுப் புழு, மரவட்டை என்று பொறுக்கும். அதற்கு மேலே நிழல் வேண்டும், கீழே ஈரமண் வேண்டும், நடுவில் சருகு வேண்டும். குடாநாட்டில் பெரிய காடு இல்லை. அப்படியிருந்தும் வருகிறது என்றால், அது காடு என்று நம்பி இறங்குவது எங்கள் வளவின் கோடிப்புறத்தில்தான். மாவும் பலாவும் வாழையும் நிற்கிற நிழல், வேலியடியில் கிளுவை, பூவரசு, ஆடாதோடை, அதன் கீழே கூட்டாமல் விட்ட சருகு.

அந்தக் கோடிப்புறம் இப்போது எத்தனை வீடுகளில் மிச்சம் இருக்கிறது? வேலி போய் மதில் வந்தது. மதிலடிக்குச் சீமெந்து. முற்றத்துக்குப் போட்ட கல் மிஞ்சினால் கிணற்றடிக்கும் பதிக்கிறோம். மிச்ச நிலத்துச் சருகைப் பின்னேரம் கூட்டிக் கொளுத்துகிறோம். உங்கள் ஊர்களில் நிலைமை என்ன? எங்கே கேட்கிறது, எங்கே கேட்காமல் போய்விட்டது? எழுதுங்கோ.

நீர்வேலி வாழை (12 ஒக்டோபர்)

இங்கே கேட்கிறது அண்ணை. எங்கள் தோட்டத்தில் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். மாரி காலத்தில் எல்லா இடமும் ஈரம், அதனால் குருவியும் பரந்து நிற்கும். தை கழிந்து நிலம் காயத் தொடங்கினால் ஒவ்வொன்றாக வாழைத் தோட்டத்துக்குள் வந்துவிடும். வாழைக்கு நாங்கள் தண்ணீர் இறைக்கிறோம், காய்ந்த வாழைச்சருகும் கீழே கிடக்கிறது, நிழலும் உண்டு. பங்குனியில் எங்கள் ஒழுங்கையில் ஆறுமணிக்குருவி பார்க்க வேண்டுமென்றால் வாழைக்குள்தான் போக வேண்டும். வெங்காயத் தறைக்குள் நான் ஒருநாளும் கண்டதில்லை.

கொக்குவில் ரொறன்ரோ (13 ஒக்டோபர்)

இந்த இழையைப் படிக்கவே நெஞ்சு நிறைகிறது. அம்மம்மா வீட்டில் கிணற்றுக்குப் பின்னால் ஒரு எலுமிச்சை நின்றது, அதன் கீழேதான் நிற்கும். ஒவ்வொரு வருடமும் அதே எலுமிச்சையடி. அதே குருவிதான் திரும்ப வருகிறதா? அது எங்கிருந்து வருகிறது?

பற்றைக்காடு (13 ஒக்டோபர்)

கொக்குவில் அக்கா கேட்டதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தப் பறவை குஞ்சு பொரிப்பது இந்தியத் துணைக்கண்டத்தில். வடக்கே இமயமலை அடிவாரம் முழுக்க, மேற்கே பாகிஸ்தானின் மார்கலாக் குன்றுகளில் தொடங்கி நேபாளம் வழியாகச் சிக்கிம் வரை. அதற்குத் தெற்கே மத்திய இந்தியக் காடுகள், குஜராத்தின் கிர் காடு, மேற்குத் தொடர்ச்சி மலையில் கர்நாடகம் வரை. தென்மேற்குப் பருவமழை விழுந்ததும், ஆனி ஆடி ஆவணியில் கூடு கட்டும். நிலத்திலோ தாழ்ந்த கிளையிலோ, காய்ந்த இலையும் புல்லும் சேர்த்து உருண்டையாக ஒரு கூடு, பக்கவாட்டில் வட்ட வாசல். நாலைந்து முட்டை, பளபளப்பான வெள்ளையில் கருஞ்சிவப்புப் புள்ளி. மழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்பிவிடும். மாரியைக் கழிப்பது தென்னிந்தியாவிலும் எங்கள் தீவிலும். இலங்கைக்கு வரும் கணக்குப் பார்த்தால் புரட்டாதி கடைசி, ஐப்பசியில் வந்து சித்திரை வரை நிற்கும். கரையோரச் சமவெளியிலும் உண்டு, மலைநாட்டிலும் உண்டு. ஆங்கிலத்தில் இந்தக் குருவியின் குடும்பத்தைப் பிட்டா என்பார்கள். அந்தக் குடும்பத்தில் இலங்கையில் காண்பது இந்த ஒன்றே ஒன்று.

ஆக, ஒரு வருடத்தில் பாதியை அது எங்களோடு கழிக்கிறது. கூடு கட்டுகிற காடு எவ்வளவு முக்கியமோ, மாரி கழிக்கிற நிலமும் அவ்வளவு முக்கியம். திரும்பிப் போகப் பங்குனி சித்திரையில் உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டும். அந்தக் கொழுப்பு வருவது நீர்வேலித் தம்பி சொன்ன வாழைச்சருகுக்குள் இருக்கிற புழுவிலிருந்து.

அதே குருவியா என்றால், காலில் வளையம் போட்டு அடுத்த வருடம் பிடித்துப் பார்த்தால் ஒழிய உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு இடத்தில் ஒன்று நின்றால் மற்றதை அண்ட விடாது. இரை எடுக்கிற எல்லையைக் காத்துக்கொண்டுதான் நிற்கும். எலுமிச்சையடி நல்ல இடமாக இருந்தால் ஒவ்வொரு வருடமும் ஒன்று வந்து பிடித்துக்கொள்ளும். இடம் போனால் குருவியும் போய்விடும்.

வேதாரண்யம் முத்து (14 ஒக்டோபர்)

வணக்கம், நான் கடலுக்கு இந்தப் பக்கம். கோடிக்கரைக் காட்டுக்குப் பக்கத்து ஊர். உங்களுக்கு வர்ற குருவியில ஒரு பகுதியாவது எங்க ஊர் வழியா வரும் என்றுதான் நினைக்கிறேன். செப்டம்பர் கடைசியிலிருந்து இங்கே நல்லா சத்தம் கேட்கும். சிலது இங்கேயே தங்கிவிடும், சிலது தங்கி ஓய்வெடுத்துவிட்டுப் போய்விடும்.

கோடிக்கரை 1967-லிருந்து சரணாலயம். அங்கே இருப்பது உலர் பசுமைமாறாக் காடு. உயரம் அதிகமில்லை, ஆனால் உள்ளே நல்ல இருட்டு. பாலை மரம்தான் அதிகம். கீழே சருகு அப்படியே மெத்தை மாதிரி கிடக்கும். வருஷம் முழுக்க இலை இருப்பதால் கோடையிலும் தரை முழுசாகக் காயாது. உங்கள் யாழ்ப்பாணத்திலும் ஒரு காலத்தில் இதே வகைக் காடு இருந்திருக்க வேண்டும், இல்லையா? இங்கேயிருந்து உங்கள் வடகரைக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர்தானே.

ராத்திரியில்தான் பறக்கும். அதனால் களைத்துப் போய் வெளிச்சத்தைப் பார்த்து வீட்டுக்குள்ளேயே வந்து விழும். அப்புறம் காக்கா சும்மா விடாது. எங்கள் தெருவில் இது வழக்கமாக நடக்கிறது.

பற்றைக்காடு (14 ஒக்டோபர்)

ஓம் முத்து அண்ணை, அதே வகைக் காடுதான். வன்னியில் இன்றைக்கும் பாலையும் வீரையும் சேர்ந்து நிற்கிற காடு உண்டு. குடாநாட்டில் ஆயிரக்கணக்கான வருடம் உழுது, கிணறு வெட்டி, பனை வளர்த்த பிறகு பழைய காடு கோயில் வளவுகளிலும் ஒதுக்குப்புறப் பற்றைகளிலும்தான் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. மணற்காட்டில் சவுக்கு இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். அது நட்டு வளர்த்த சவுக்கங்காடு. ஊசிச்சருகின் கீழே காய்ந்த மணல். ஆறுமணிக்குருவி தேடுகிற ஈரமும் புழுவும் அங்கே இல்லை.

உரும்பிராய் மேற்கு (15 ஒக்டோபர்)

எல்லோரும் உருகி எழுதுகிறீர்கள். நான் எதிர்ப்பக்கம் நின்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஒன்று, இந்தப் பறவை அழிந்துபோகிற நிலையில் இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் "கவலை குறைந்தவை" என்ற வகுப்பில்தான் இருக்கிறது. அப்படியிருக்க ஏன் இவ்வளவு பதற்றம்? இரண்டு, கார்த்திகை மார்கழியில் யாழ்ப்பாணத்தில் டெங்கு எப்படி அடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வளவைத் துப்புரவாக்கச் சொல்லிவிட்டுப் போகிறார், நீங்கள் சருகை விடச் சொல்கிறீர்கள். மூன்று, பாம்பு. சருகுக்குள் புடையன் கிடந்தால் தெரியுமா? சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்னுடையது.

தாவடியான் (15 ஒக்டோபர்)

கோபம் ஒன்றுமில்லை. இந்த மூன்றும்தான் ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்விகள். வெளிப்படையாகக் கேட்டது நல்லது.

முதலாவதுக்கு நான் சொல்கிறேன். கவலை குறைந்தவை என்றால், இன்றைக்கு உலகத்தில் அற்றுப்போகிற ஆபத்து இல்லை என்று பொருள்.  பரந்த நிலப்பரப்பில் இருக்கிற பறவைக்கு அந்த வகுப்பிலிருந்து ஆபத்தான வகுப்புக்குப் போக நெடுங்காலம் எடுக்கும். ஆனால் உரும்பிராயிலிருந்து போவதற்கு ஒரு மதிலும் ஒரு லோட் கொங்கிறீற்றும் போதும். பட்டியலில் சிவப்பு எழுத்து வரும் வரைக்கும் நாங்கள் ஏன் காத்திருக்க வேண்டும்?

இந்தக் குடும்பத்திலேயே காத்திருந்து கெட்ட கதை உண்டு. தாய்லாந்தின் தெற்குக்கும் மியன்மாருக்கும் உரிய கேர்ணியின் பிட்டா. சமதரைக் காட்டை வெட்டிச் செம்பனையும் இறப்பரும் நட்டதில் அது நெடுங்காலம் கண்ணிலேயே படாமல் போய், 1986-இல்தான் தாய்லாந்தில் திரும்பக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த பிறகும் அங்கே காப்பாற்றுவது பெரும்பாடாகிவிட்டது. அதுவும் தரையில் சருகு புரட்டுகிற பறவைதான், வாழ்ந்ததும் சமதரைக் காட்டில்தான். சமதரை நிலம்தான் மனிதனுக்கு முதலில் வேண்டியிருக்கிறது.

டெங்குவைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் இந்தக் குழுவில் இருக்கிறார், அவர் சொல்லட்டும்.

சுகாதாரம் ஓய்வு (16 ஒக்டோபர்)

கூப்பிட்டதற்கு நன்றி. பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உரும்பிராய்த் தம்பியின் பயம் நியாயமானது, ஆனால் குற்றவாளியை மாற்றிப் பிடிக்கக் கூடாது.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு மண்ணில் கிடக்கிற சருகில் முட்டையிடாது. அதற்குத் தேங்கி நிற்கிற தெளிந்த தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு ஏனம் வேண்டும். சிரட்டை, ரயர், யோகட் கோப்பை, பூச்சாடித் தட்டு, உடைந்த வாளி, மூடாத தாங்கி. ஏனத்தின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவிடும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கிழமை ஒன்று, ஒன்றரையில் நுளம்பாகிவிடும். எங்கள் நிலத்தில் சருகின் மேல் விழுகிற மழை மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது, அங்கே குடம்பி வளர இடமில்லை.

ஆனால் இரண்டு இடத்தில் சருகு ஆபத்தானது. கூரைப் பீலியில் அடைத்தால் தண்ணீர் தேங்கும், அதைக் கட்டாயம் வழித்துவிடுங்கள். அடுத்தது, சருகு மூடிக்கிடக்கிற சிரட்டையும் போத்தலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மழைக்கு முன் கோடிப்புறத்தில் ஒருமுறை நடந்து, ஏனங்களை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டுச் சருகை அப்படியே விடுங்கள். பரிசோதகர் வந்தால் அதையே காட்டுங்கள். நான் வேலையில் இருந்த காலத்திலும் இப்படித்தான் சொன்னேன். கூட்டிக் கொளுத்திய வளவில் மூலைக்குள் ரயர் கிடந்து, அதற்குள் குடம்பி நெளிந்ததைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

சரசாலைக் கிளுவை (16 ஒக்டோபர்)

பாம்புக்கு நான் பதில் எழுதுகிறேன். நான் இரண்டு பிள்ளைகளின் தாய், எனக்கும் அந்தப் பயம் உண்டு. புடையனும் சுருட்டையும் யாழ்ப்பாணத்தில் உண்மையாகவே உண்டு. எட்டடி விரியன் இன்னும் மோசம், வீட்டுக்குள்ளேயே வந்து நிலத்தில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். யாரும் வாசற்படி வரைக்கும் சருகை விடச் சொல்லவில்லை. முற்றத்தைக் கூட்டுங்கோ. வீட்டைச் சுற்றி நடக்கிற இடம், கிணற்றடி, கக்கூஸ் போகிற வழி எல்லாம் வெளியாக இருக்கட்டும். சருகு கடைசி வேலியோடு ஒட்டின பட்டையில் மட்டும். அங்கே இரவில் யாருக்கும் வேலை இல்லை, போக வேண்டி வந்தால் ரோச்சும் செருப்பும். விறகு, ஓடு, கல் குவியலை வீட்டுச் சுவரோடு சேர்த்து அடுக்கி வைப்பதை முதலில் நிறுத்துங்கோ. எலி அங்கேதான் குடியிருக்கும், பாம்பு எலியைத் தேடித்தான் வரும்.

இன்னொன்று. எங்கள் அப்பு காலத்தில் சருகைக் கொளுத்துவது கிடையாது. பூவரசங்குழையும் சருகும் எருவும் சேர்த்துத் தறைக்குள் தாழ்ப்பார்கள். வேலி வளர்ப்பதே அரைவாசி அந்தக் குழைக்காகத்தான். இன்றைக்குப் பசளையைப் பையில் வாங்கிக்கொண்டு, வீட்டுப் பசளைக்கு நெருப்பு வைக்கிறோம். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் போடுகிற பசளையெல்லாம் கிணற்றுத் தண்ணீருக்குள் நைத்திரேற்றாக இறங்குகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

உரும்பிராய் மேற்கு (17 ஒக்டோபர்)

சரி, டெங்குப் பதில் எனக்குத் திருப்தி. பாம்பு விடயத்தில் அரை மனம்தான், ஆனால் கடைசி வேலியோடு ஒரு பட்டை என்றால் செய்யலாம். என் வளவில் மதில் கட்டியாயிற்று. மதிலால் குருவிக்கு என்ன? அது பறக்கிற சாதிதானே, ஏறிக் கடந்துவிடும்.

பற்றைக்காடு (17 ஒக்டோபர்)

மதிலைக் கடப்பது அதற்குப் பெரிய காரியமில்லை. இமயமலையிலிருந்து வருகிறது. பிரச்சினை மதிலின் உயரத்தில் இல்லை. மதில் வரும்போது வேலி போகிறது, வேலியோடு வேலியடி போகிறது. இரண்டு வளவுக்கு நடுவில் ஓடுகிற கிளுவை வேலியின் இரு கரையிலும் இரண்டு மூன்று அடி நிலத்தை யாரும் கொத்துவதில்லை, கூட்டுவதில்லை. ஒரு ஒழுங்கை முழுக்க அப்படி வேலி ஓடினால், ஊருக்குள்ளேயே ஒடுக்கமாக ஒரு காடு ஓடுகிற மாதிரி. தரைப்பறவைக்கு அதுதான் பாதை, ஒளிப்பிடம், சாப்பாடு எல்லாம். செந்தலைப் பூங்குருவியும் கொடிக்கால் வாலாட்டியும் மாரிக்கு வந்து இதே வேலியடியில்தான் இரை எடுக்கின்றன.

மதில் இருக்கட்டும் அண்ணை. உள்பக்கமாக மதிலோடு ஒட்டி ஆடாதோடையோ எலுமிச்சையோ ஒரு வரிசை வையுங்கோ. மதிலடிக்குச் சீமெந்து பூசாதீங்கோ. அது போதும்.

மயிலிட்டி மீள்வு (19 ஒக்டோபர்)

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 1990-இல் போரால் நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். காணி கையில் கிடைத்தது 2017-க்குப் பிறகு. போய்ப் பார்த்தால் வீடு இல்லை, மதிலும் இல்லை, கிணறு எங்கே என்று தெரியவில்லை. காடு. உண்மையான காடு. வேம்பும் ஆலும் நாயுண்ணியும் ஆள் உயரத்துக்கு மேலே. அந்தக் காட்டுக்குள் நின்றுதான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இவ்வளவு ஆறுமணிக்குருவிச் சத்தத்தை ஒன்றாகக் கேட்டேன். ஒன்று கூப்பிட இன்னொன்று, அதற்கு அப்பால் இன்னொன்று.

பிறகு நாங்களும் மற்றவர்களைப் போல ஜேசிபி பிடித்துத் துப்புரவாக்கினோம். வேறு வழி இல்லை. எல்லை தெரிய வேண்டும், கிணறு தெரிய வேண்டும், வெடிக்காத பொருள் ஏதும் கிடக்குமோ என்ற பயமும் இருந்தது. குருவிக்காகக் காணியை விடு என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் கேட்க மாட்டேன். இருபத்தேழு வருடம் முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்தவர்கள் நாங்கள். ஆனால் இந்த இழையைப் படித்த பிறகு கேட்கிறேன், இப்போது என்ன செய்யலாம்? வெறும் செம்மண் தறையாகக் கிடக்கிறது.

தாவடியான் (19 ஒக்டோபர்)

அண்ணை, எழுதியதற்கு நன்றி. காணியை விடச் சொல்ல இங்கே யாருக்கும் உரிமை இல்லை. அப்படி யாராவது எழுதினால் நானே எதிர்த்து எழுதுவேன். உங்கள் வீடும் உங்கள் கிணறும் முதலில்.

நீங்கள் சொன்னதில் எனக்குப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. மனிதர் கை வைக்காமல் விட்டால் இந்த வறண்ட நிலத்திலேயே இருபது முப்பது வருடத்துக்குள் காடு எழும்பிவிடும், குருவியும் தானாக வந்துவிடும். அது வந்த விலையை நினைத்தால் மனம் பாரமாகத்தான் இருக்கிறது. ஆனால் விதை நிலத்திலேயே இருக்கிறது, பறவைகளும் கொண்டுவந்து போடும். ஆகவே கோடிப்பக்கம் ஒரு மூலையை, அரைப் பரப்பு என்றாலும் போதும், கொத்தாமல் விடுங்கோ. முதல் இரண்டு மாரி பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். வேம்பு தானாக முளைக்கும். வேண்டுமென்றால் பூவரசுக் கதியாலும் (நட்டால் துளிர்க்கும் தடி) இரண்டு மாங்கன்றும் வையுங்கோ. நிழல் வந்தால் சருகு வரும்.

காணி திருத்துகிற மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜேசிபி வருகிற நாளில், நிற்க வேண்டிய மரங்களுக்குச் சிவப்புத் துணி கட்டிவிட்டுச் சாரதியிடம் காட்டிவிடுங்கோ. கட்டாவிட்டால் எல்லாம் போய்விடும். பிறகு ஒரு வேம்பு நிழல் தர எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்?

காட்டோரம் கிளிநொச்சி (20 ஒக்டோபர்)

வன்னியிலிருந்து ஒரு குரல். ஆறுமணிக்குருவி இங்கேயும் நிறைய வரும். ஆனால் எங்கள் காட்டுத் தரைப்பறவை என்றால் காட்டுக்கோழிதான். நாட்டின் தேசியப் பறவை, இந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. சேவலின் பூவில் நடுவே மஞ்சள் இருக்கும். விடியப்புறம் காட்டுக்கரையில் சீய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். அதுவும் அழிகிற நிலையில் இல்லை என்றுதான் பட்டியல் சொல்கிறது. ஆனால் கட்டுத்துவக்கும் சுருக்கும் காட்டோரங்களில் இன்னும் இருக்கின்றன. சுருக்கு வைக்கிறவன் பன்றிக்கு என்பான், மானுக்கு என்பான், அகப்படுவது கோழியாகவும் இருக்கும், சிறுத்தையாகவும் இருக்கும். காட்டுக்கோழிக்கு உங்கள் வளவுப் பட்டை போதாது. அதற்குத் தொடர்ச்சியான காடு வேண்டும். வளவைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் வன்னிக் காட்டையும் மறந்துவிடாதீர்கள்.

பற்றைக்காடு (20 ஒக்டோபர்)

நூற்றுக்கு நூறு உண்மை. இரண்டுக்கும் இரண்டு வேலை இருக்கிறது. காட்டுக்கோழிக்கு ஒதுக்கக் காடும் சட்டமும் காவலும் வேண்டும். குடாநாட்டின் வாசலில் சுண்டிக்குளம் 1938-இலிருந்து சரணாலயம், 2015-இல் தேசிய பூங்கா ஆக்கினார்கள். அதெல்லாம் அரசு செய்ய வேண்டிய வேலை. சட்டம் என்று பார்த்தால் 1937-ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் விலக்குப் பட்டியலில் உள்ள சிலதைத் தவிர எல்லாப் பறவைகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆறுமணிக்குருவியைப் பிடிப்பதும் கூட்டில் அடைப்பதும் குற்றம். ஆனால் வளவுக்குள் சருகைக் கொளுத்தாமல் விடுவதைச் சட்டத்தை மட்டும் வைத்துச் சாதிக்க முடியாது. அந்த வேலை வளவுக்காரருடையது.

கரவெட்டி ரீச்சர் (2 நவெம்பர்)

அவசரம். காலையில் பாடசாலை விறாந்தையில் ஒன்று விழுந்து கிடந்தது. கண்ணாடி யன்னலில் அடிபட்டிருக்க வேண்டும். உயிர் இருக்கிறது, கண் மூடிக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள் தண்ணீர் பருக்கப் பார்க்கிறார்கள். என்ன செய்வது?

பற்றைக்காடு (2 நவெம்பர்)

தண்ணீர் பருக்க வேண்டாம் ரீச்சர், மூச்சுக்குள் போய்விடும். ஒரு சப்பாத்துப் பெட்டியில் துளை போட்டு, அடியில் துணி விரித்து, அதற்குள் வைத்து மூடுங்கோ. இருட்டாக, சத்தமில்லாத அறையில் வையுங்கோ. திறந்து திறந்து பார்க்க வேண்டாம். ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் பெட்டிக்குள் துள்ளுகிற சத்தம் கேட்டால், மரநிழல் உள்ள இடத்தில், பூனையும் காகமும் இல்லாமல் பார்த்து, பெட்டியை நிலத்தில் வைத்துத் திறந்துவிடுங்கோ. தூக்கி எறிய வேண்டாம், தானாகப் போகும். சிறகு தொங்கினாலோ இரத்தம் வந்தாலோ மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கோ.

கரவெட்டி ரீச்சர் (2 நவெம்பர்)

பதினொரு மணிக்குத் திறந்தோம். கொஞ்ச நேரம் நின்றது, வாலை மேலும் கீழும் ஆட்டியது, பிறகு தத்திப் போய் வேலிக்குள் நுழைந்துவிட்டது. ஆறாம் வகுப்பு முழுக்கக் கை தட்டியது, நான்தான் அமர்த்தினேன். அந்த யன்னலுக்கு வெளிப்பக்கமாகப் பிள்ளைகள் கோடு கோடாகத் தாள் ஒட்டிவிட்டார்கள். அதற்குச் சரியான முறை உண்டா?

தாவடியான் (2 நவெம்பர்)

உண்டு ரீச்சர். வெளிப்பக்கம் ஒட்டியது சரி, உள்பக்கம் ஒட்டினால் பிரதிபலிப்பு மறையாது. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் நாலு விரலுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். ஒரேயொரு பருந்துப் படம் ஒட்டிப் பயனில்லை, கண்ணாடி முழுக்க அடையாளம் வேண்டும். இரவில் விறாந்தை விளக்கை, தேவையில்லாத நேரத்தில், ஐப்பசி கார்த்திகையிலாவது அணைத்துவிட்டால் இன்னும் நல்லது. மேகம் மூடின இரவில் வெளிச்சம்தான் அதை வழி மாற்றுகிறது.

பூனையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பூனை வைத்திருப்பவர்கள் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அதை உள்ளே வைத்துக்கொண்டு சாப்பாடு போடுங்கோ. குருவி நிலத்தில் நிற்கிற நேரம், பூனை பதுங்குகிற நேரமும் அதுதான்.

நீர்வேலி வாழை (24 பெப்ரவரி)

இழையை மேலே கொண்டுவருகிறேன். நிலம் காய்ந்துவிட்டது, போன வருடம் போலவே குருவிகள் வாழைக்குள் வந்துவிட்டன. இந்த முறை வாழையடிக்குக் குருணல் மருந்து போடவில்லை, அழுகலுக்குப் பக்கக் கன்றுகளை வெட்டித்தான் சமாளிக்கிறேன். ஒரு கேள்வி. தண்ணீர்த் தட்டு வைத்தால் வருமா?

சரசாலைக் கிளுவை (25 பெப்ரவரி)

எங்கள் வளவில் வருகிறது தம்பி. நிலத்தோடு நிலமாக, ஆழமில்லாத மண் சட்டி, பற்றைக்குப் பக்கத்தில். ஆனால் தினமும் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் சுகாதாரம் ஐயா எங்களை விடமாட்டார். எனக்குத் தட்டை விட, சருகுப் பட்டைக்கு வாளியில் அள்ளித் தெளிப்பதுதான் நல்ல பலன் தருகிறது. ஈரம் பட்டால் புழு மேலே வரும்.

வேதாரண்யம் முத்து (18 ஏப்ரல்)

இங்கே மறுபடியும் நல்ல சத்தம். உங்கள் பக்கத்திலிருந்து கிளம்பிவிட்டார்கள் போல. உங்களுக்குக் கடைசியாக எப்போது கேட்டது?

தாவடியான் (18 ஏப்ரல்)

சித்திரை வருடப்பிறப்பு அன்று தாவடியில் கேட்டது, பிறகு இல்லை அண்ணை. மற்றவர்கள் ஊரும் திகதியும் போடுங்கோ, கடைசிச் சத்தம் போதும். பறவைகளைப் பதிகிற ஈபேர்ட் இணையத்தளத்தில் கணக்கு இருப்பவர்கள் அங்கேயும் பதியுங்கோ, குடாநாட்டுப் பதிவு மிகக் குறைவாக இருக்கிறது. கேட்காத ஊரையும் எழுதுங்கோ, அதுவும் தகவல்தான்.

உரும்பிராய் மேற்கு (19 ஏப்ரல்)

உரும்பிராயில் பங்குனிக் கடைசி. மதிலோடு பட்டை விட்டேன், ஆடாதோடை பிடித்துவிட்டது. பின் எல்லையில் மதில் கட்டாத பக்கத்துக்குக் கிளுவை வேலியே போடலாம் என்று வீட்டில் முடிவு. கதியால் எங்கே எடுக்கலாம்?

சரசாலைக் கிளுவை (19 ஏப்ரல்)

என் பெயரே கிளுவை அண்ணை, வாங்கோ. மழைக்கு முன்னம் வேலி வெட்டும்போது சொல்கிறேன், லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று பிடித்துக்கொண்டு வந்தால் ஒரே தடவையில் ஏற்றலாம். மயிலிட்டி அண்ணைக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கிறேன்.